கழங்கு, கிளி, டேரோ: காதலுக்குக் குறி கேட்ட கதை

இந்த எபிசோடை ஒரு கேள்வியில் ஆரம்பிக்கலாம். "அவன் மனசுல நான் இருக்கேனா?", "இந்த ரிலேஷன்ஷிப் கல்யாணத்துல போய் முடியுமா?" இப்படி ஒரு கேள்வியை மனசில் வெச்சுக்கிட்டு சீட்டு எடுக்கிற பழக்கம் நம்ம ஊருக்கு எப்போ வந்தது?

இன்ஸ்டாகிராமில் டேரோ வீடியோ பார்த்து வளர்ந்த தலைமுறை நாம. மூணு சீட்டுக்கட்டைக் காட்டி, "ஒண்ணை மனசுல நினைச்சுக்கோங்க"ன்னு ஒருத்தர் சொல்வார். அதனால இது ஏதோ வெளிநாட்டிலிருந்து இறங்கின சரக்கு மாதிரி தோணும். சீட்டு வேணும்னா வெளிநாடு. பழக்கம் அப்படி இல்லை. காதல் விவகாரத்துக்குக் குறி கேட்பது, தமிழில் நமக்குக் கிடைச்ச மிகப் பழைய பாட்டுகளிலேயே இருக்கு. குறியை எதிர்த்துப் பேசுற குரலும் அதே பாட்டுகளில் இருக்கு.

நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேரில். எதைப் பார்த்தாலும் இன்புட் என்ன, நடுவில் என்ன நடக்குது, அவுட்புட் என்னன்னு பிரிச்சுப் பார்க்கிற வியாதி உண்டு. குறி கேட்பதிலும் மூணு வேலை இருக்கு. கேள்வி கேட்கிறவர் ஒருத்தர். சீட்டை எடுக்கிறவர் ஒருத்தர். அதை வாசிச்சுப் பலன் சொல்றவர் ஒருத்தர். இந்த மூணு இடத்திலும் யார் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு மட்டும் பார்த்துக்கிட்டே வருவோம்.

மலையிலிருந்து தொடங்குவோம்

இந்தக் கதை தொடங்குற நிலம் மலை. எந்த மலைன்னு ஒரு படம் மனசில் வேணும்னா, வெள்ளகவியை நினைச்சுக்கோங்க. கொடைக்கானல் போனவங்க வட்டக்கானலும் டால்பின் நோஸும் பார்த்திருப்பீங்க. அங்கிருந்து செங்குத்தா இறங்குற பாதையில் வருகிற ஊர் வெள்ளகவி. அதே பாதையில் இன்னும் இறங்கினா பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவி. தலைமுறை தலைமுறையா இந்த நடைபாதையை மட்டுமே நம்பி வாழ்ந்த ஊர். ஊர் மண்ணே கோயில் மாதிரி என்பதால் ஊருக்குள் செருப்பு போட மாட்டாங்க.

நாம டூரிஸ்ட்டா போகிற கொடைக்கானலை விட இந்த ஊர் மூத்தது. 1821இல் வார்டு என்கிற ஆங்கிலேய லெப்டினன்ட் இந்த மலையை அளக்க வந்தபோது, வெள்ளகவியில் தங்கி அங்கிருந்துதான் மேலே ஏறினார். அமெரிக்க மிஷனரிகள் வந்து கொடைக்கானலில் வீடு கட்டினது அதுக்கப்புறம், 1845இல்.

நான் ஒரு தடவை வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியா கும்பக்கரை வரைக்கும் நடந்திருக்கேன். சங்கப் பாட்டில் வருகிற குறிஞ்சி நிலம் எனக்குப் புரிஞ்சது அன்னைக்குத்தான். பக்கத்து மலையில் இருக்கிற ஆள் கண்ணுக்குத் தெரிவார், நடந்து போய்ச் சேர அரை நாள் ஆகும். அந்தத் தூரத்தில் ஒரு காதல் எப்படி இருந்திருக்கும்?

சங்கப் பாட்டு சொல்ற கதை இது. மலைச்சரிவில் தினை விளைஞ்சிருக்கு. கதிரைக் கொத்த கிளி வரும். கிளியை விரட்ட வீட்டுப் பெண்ணைப் புனத்துக்குக் காவல் அனுப்புவாங்க. அங்கேதான் அவள் அவனைச் சந்திக்கிறாள். முருகன் வள்ளியைச் சந்திச்ச கதையும் இதே தினைப்புனம்தான். பிறகு தினை அறுவடை முடியும். காவல் முடியும். பெண் வீட்டோட அடைபடுவாள். அதுக்குப் பேர் இற்செறிப்பு. சந்திப்பு நின்னு போச்சு. அவள் சாப்பிட மாட்டாள், இளைப்பாள், நிறம் மாறும். அம்மாவுக்கு பயம் பிடிக்கும். "என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

குறி கேட்கிற காட்சி இங்கே ஆரம்பிக்குது.

கழங்கு உருட்டின வேலன்

அம்மாவுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, கட்டுவிச்சி என்கிற குறி சொல்ற பெண்ணைக் கூப்பிடலாம். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்துச் சொல்வாள். இன்னொண்ணு, வேலன். கையில் வேலோட வருகிற முருகன் பூசாரி. அவர் கழங்கு போட்டுப் பார்ப்பார். கழங்குன்னா கழற்சிக்காய். உருண்டையா, கெட்டியா இருக்கிற விதை. குறி பார்க்கிற இந்த ரெண்டு முறையையும் தொல்காப்பியமே குறிப்பிடுது.

கழங்கு பெண் பிள்ளைகள் விளையாடுற காயும்கூட. வசதியான வீடுகளில் பொன்னால் செஞ்ச கழங்கை வெச்சு விளையாடினதும் பாட்டுகளில் வருது. விளையாட்டுக் காய்தான் குறி சொல்ற காயும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, டேரோவுக்கு வரும்போது தேவைப்படும்.

வேலன் போட்ட கழங்கு என்ன சொல்லும்? பெரும்பாலும் ஒரே பதில்தான்: "முருகன் பிடிச்சிருக்கான்." உடனே வீட்டு முற்றத்தில் புது மணல் பரப்பி, மாலை தொங்கவிட்டு, ஆட்டைப் பலி கொடுத்து வேலன் ஆடுவார். அதுதான் வெறியாட்டு.

மூணு இடத்தையும் நிரப்பிப் பாருங்க. கேள்வி கேட்கிறது அம்மா. எடுக்கிறதும் வாசிக்கிறதும் வேலன். யாரைப் பத்தின கேள்வியோ அந்தப் பெண்ணுக்கு மூணு இடத்திலும் இடமே இல்லை. அவள் வெறும் டேட்டா.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, புலவர்கள் இதைக் கும்பிட்டு விட்டுட்டுப் போகலை. ஐங்குறுநூற்றில் குறிஞ்சிப் பகுதியைப் பாடினவர் கபிலர். அதில் வெறியாட்டுக்கு ஒரு பத்து, கிளிக்கு ஒரு பத்துன்னு தனித்தனியா வெச்சிருக்கார். வெறிப்பத்தின் கடைசிப் பாட்டு 250ஆவது. அதில் பேச்சு வேலனைப் பார்த்து இல்லை, கழங்கைப் பார்த்து. பொய்யே தெரியாத கழங்கேன்னு மரியாதையா கூப்பிட்டு, இவளை வருத்தினவன் முருகன் இல்லை, மயில் ஆடுற அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரன்னு போட்டு உடைக்குது அந்தப் பாட்டு.

எவ்வளவு நுட்பமான வாதம்னு பாருங்க. காய் பொய் சொல்லலை. காய் விழுந்தபடி விழுந்திருக்கு, அவ்வளவுதான். தப்பு வாசிக்கிற இடத்தில் இருக்கு. ரேண்டமா விழுந்த ஒண்ணுக்கு அர்த்தம் கொடுக்கிற அதிகாரம் யாருக்குப் போச்சு, அவருக்கு எந்த அர்த்தம் வசதி? வேலன் கையில் காய் இருந்தா விடை முருகனாத்தான் இருக்கும்.

நடுவில் புகுந்த தோழி

இந்த இடத்தில் நாலாவதா ஒரு ஆள் வர்றாள். தோழி.

குறுந்தொகை 362இல் அவள் வேலனையே கேட்கிறாள். சாரம் இதுதான்: நீங்க ஆட்டை வெட்டிக் கொடுக்கிற இந்தப் பலியை, இவளை இப்படி ஆக்கினவனோட மார்பும் சேர்ந்து சாப்பிடுமா? நற்றிணை 34இல் இன்னும் ஒரு படி மேலே. முருகனையே நிறுத்திக் கேட்கிறாள். இது உன்னால வந்த நோய் இல்லைன்னு உனக்கே தெரியும், தெரிஞ்சும் வேலன் கூப்பிட்டான்னு வந்து நிற்கிறியே, உனக்கு விவரம் போதாதா?

ஆனா என் ஃபேவரிட் ஔவையார் பாடின குறுந்தொகை 23. சின்ன பாட்டு. கட்டுவிச்சி வந்து உட்கார்ந்திருக்காள். நரைச்ச கூந்தல் உள்ள வயசான பெண். குறி சொல்றதுக்கு முன்னாடி மலைகளைப் பாடிக்கிட்டே வர்றாள். திடீர்னு தோழி குறுக்கே புகுந்து, அவரோட மலையைப் பாடினீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை பாடுங்கன்னு கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. ஆனா கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு இப்போ ஒரு கேள்வி வரும் இல்லையா? "அவரோட மலையா? எவரோட மலை?"

குறி கேட்க உட்கார்ந்த இடத்தையே உண்மை சொல்ற இடமா மாத்திட்டாள். இதுக்கு இலக்கணத்தில் ஒரு பேர் இருக்கு: அறத்தொடு நிற்றல். பெண்ணின் காதலை உரிய நேரத்தில் உரியவங்களுக்குச் சொல்லி அவள் பக்கம் நிற்பது. காதலை வெளியே சொல்றதுக்கு அறம்னு பேர் வெச்ச மொழி நம்முடையது.

பழனி மலைப் பக்கமே இன்னொரு கதையும் உண்டு. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட நாடு இது. அவர் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேற ஒரு பெண்ணோட வாழப் போனதா புறநானூற்றில் வருது. சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவங்க வேற. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார்னு நாலு புலவர்கள் பேகனிடம் போய்ப் பாடியிருக்காங்க, 143லிருந்து 147 வரை. எங்களுக்குப் பரிசு வேண்டாம், அந்த அம்மாவோட கண்ணீரைத் துடைங்க என்பதுதான் அந்தப் பாட்டுகளின் உள்ளடக்கம். யாரும் கழங்கு உருட்டலை. சம்பந்தப்பட்ட ஆளிடம் நேரா போய்ப் பேசினாங்க.

குறத்தி வந்தாள்

இப்போ ஒரு பெரிய தாவல், பதினெட்டாம் நூற்றாண்டுக்கு. திரிகூடராசப்பக் கவிராயர் எழுதின திருக்குற்றாலக் குறவஞ்சி. வசந்தவல்லி குற்றாலநாதர் மேல் காதலில் விழுகிறாள். குறத்தி சிங்கி வர்றாள். தன் மலையோட வளத்தைப் பாடுறாள், வசந்தவல்லியின் கையைப் பார்த்து உன் மனசில் இருக்கிறது யார்னு சொல்றாள்.

எலும்புக்கூடு அதேதான்: காதல் நோய், குறி சொல்ற பெண், மலைப் பாட்டு. மாறின விஷயம் ஒண்ணு. அம்மா காணோம். கேள்வி இப்போ காதலிக்கிற பெண்ணோடது. கதையிலாவது அவள் முதல் நாற்காலிக்கு வந்துட்டாள்.

சிங்கியோட கணவன் சிங்கன் செய்கிற தொழில் பறவை பிடிக்கிறது. மனைவி குறி சொல்றாள், கணவன் பறவை பிடிக்கிறான். இந்த ரெண்டு தொழிலையும் ஒரே பெட்டிக்குள் வெச்சா என்ன கிடைக்கும்? கிளி ஜோசியம்.

27 சீட்டும் ஒரு கிளியும்

பீச், கோயில் வாசல், பஸ் ஸ்டாண்ட் ஓரம். நீங்களும் பார்த்திருப்பீங்க. சின்ன மரக்கூண்டு. முன்னால் வரிசையா அடுக்கின சீட்டுகள். வழக்கமா 27, நட்சத்திரத்துக்கு ஒண்ணு. பேரைச் சொன்னதும் கிளி வெளியே வரும். சீட்டுகளை ஒவ்வொண்ணா அலகால் இழுத்துப் போட்டு, ஒண்ணை மட்டும் ஜோசியர் கையில் கொடுக்கும். கூலி ஒரு நெல்மணி. வாங்கிக்கிட்டு கூண்டுக்குள் போயிடும். சீட்டுக்குள் ஒரு சாமி படம் இருக்கும். முருகன், மீனாட்சி, சில கட்டுகளில் புத்தர், மேரி மாதா கூட உண்டு.

கணக்கு எளிது. எந்தச் சீட்டும் வர 27இல் 1 வாய்ப்பு, 3.7 சதவீதம். ஆனா ஒரே முருகன் சீட்டு காலேஜ் பையனுக்கு வந்தா "வேலை கிடைக்கும்", முப்பது வயசுப் பெண்ணுக்கு வந்தா "மாலை கூடி வரும்". சீட்டு வெறும் சாவி. ஜோசியர் நிஜமா வாசிக்கிறது உங்களை. காலில் மெட்டி இருக்கா, கூட யார் வந்திருக்கா, எந்த வார்த்தைக்குக் கண்ணு கலங்குது. நாள் பூரா மனுஷங்க முகத்தைப் பார்த்தே பழகினவர் அவர்.

அப்புறம் எதுக்கு கிளி? எடுக்கிற கை நடுநிலையா இருக்கணும் என்பதற்காக. ஜோசியரே எடுத்தா "நீங்களே வெச்சு எடுத்தீங்க"ன்னு சொல்லலாம். கிளிக்கு உங்க கல்யாணத்தில் ஒரு லாபமும் இல்லை. இந்த யோசனை நமக்குப் பழகினது. உத்திரமேரூர் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921. குடவோலை முறையில் குடத்துக்குள் கையை விட்டு ஓலை எடுக்கிற ஆள் யார்? ஒரு சின்னப் பையன். காரணம் அதேதான். உலகம் முழுக்கவும் இது உண்டு. ஈரானில் ஷிராஸ் நகரத்தில் கவிஞர் ஹாபிஸ் சமாதிப் பக்கம் ஒரு சின்னப் பறவை அவர் கவிதை எழுதின சீட்டை எடுத்துக் கொடுக்கும். ஜப்பானில் யாமகாரா என்கிற குருவியைக் கோயில் சீட்டு எடுக்கப் பழக்கி வெச்சிருந்தாங்க.

நம்ம கிளிக்கும் உலகப் புகழ் வந்திருக்கு. 2010 கால்பந்து உலகக் கோப்பையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் ஜோசியரின் கிளி, மணின்னு பேர், காலிறுதி நாலையும் சரியா சொல்லி நியூஸில் வந்தது. ஃபைனலுக்கு நெதர்லாந்தை எடுத்தது. ஜெயிச்சது ஸ்பெயின்.

கிளியோட பக்கமும் ஒரு கதை இருக்கு. பச்சைக்கிளி நம்ம நாட்டுக் காட்டுப் பறவை. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிச்சு அடைச்சு வைக்கிறது குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில் பாமக வேட்பாளரா நின்ன இயக்குநர் தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்தார். ஜெயிப்பார்னு பலன் வந்தது, வீடியோ பரவினது, வனத்துறை ஜோசியரைப் பிடிச்சது. பிறகு எச்சரிச்சு விட்டாங்க. தேர்தலில் ஜெயிச்சது காங்கிரஸின் விஷ்ணு பிரசாத். சட்டம் சரி, கிளிக்குக் கூண்டு வேண்டாம். ஆனா ஜோசியம் பார்த்தவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலை. தொழில் தெரிஞ்ச ஏழைதான் மாட்டினார். அதையும் சேர்த்தே சொல்லணும்.

டேரோவுக்கு எத்தனை வயசு?

"பழங்கால எகிப்து ரகசியம்"னு டேரோவை விற்பாங்க. நிஜக் கதை வேற. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிரபுக்கள் பொழுதுபோக்கா ஆடின சீட்டு விளையாட்டு அது. 78 சீட்டு. பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்னைக்கும் அதை விளையாட்டாவே ஆடுறாங்க. 1781இல் கூர் தெ ஜெபலன் என்கிற பிரெஞ்சுக்காரர், இது எகிப்து ஞானம்னு எழுதினார். எகிப்து எழுத்தை யாரும் படிக்கத் தெரியாத காலம் அது. கொஞ்ச வருஷத்தில் எத்தேயா என்ற பேரில் ஒருத்தர் அதை வெச்சுக் குறி சொல்றதை முழுநேரத் தொழிலாக்கினார். இப்போ நாம பார்க்கிற படங்களின் மூலம் 1909இல் வந்த கட்டு. வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித் என்கிற பெண்.

ஆக, விளையாட்டுச் சீட்டு குறிச் சீட்டாச்சு. கழங்கு ஞாபகம் இருக்கா?

அது ஏன் பொருந்துற மாதிரியே இருக்கு? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வெச்சு, ஆளுக்கு ஒரு பலன் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துதுன்னு அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே பேப்பர். ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்.

டேரோவில் முதல் நாற்காலி பெண்ணுக்கே கிடைச்சிருக்கு. தன் காசில், தன் ஃபோனில், தன் கேள்வி. அது சின்ன விஷயம் இல்லை. ஆனா "அவன் என்னை நினைக்கிறானா?" என்கிற கேள்விக்கு பதில் தெரிஞ்ச ஒரே ஆள் அவன். அவனைத் தவிர எல்லாரையும் கேட்கிறோம்.

பூ கேட்ட நாள்

இதெல்லாம் ஜாலியான விஷயம்தானே, எதுக்கு இவ்வளவு சீரியஸ்னு தோணலாம். ஏன் சீரியஸ்னு சொல்றேன்.

எங்க அக்காவுக்கு வரன் வந்தப்போ குலதெய்வக் கோயிலில் பூ கேட்டாங்க. தெரியாதவங்களுக்கு: வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வாங்க. எங்க வீட்டில் வெள்ளை வந்தா சம்மதம். சித்தி பொண்ணு, அஞ்சு வயசு, எடுத்தாள். வெள்ளை. அம்மா கண்ணில் தண்ணி. எல்லாரும் குலவை போட்டாங்க. ராத்திரி அக்கா என்கிட்ட சொன்னாள்: "சாமிகிட்ட கேட்டாங்கடா. குழந்தைகிட்ட கேட்டாங்க. என்கிட்ட யாரும் கேட்கலை."

அக்காவுக்கு அந்த மாப்பிள்ளை பிடிச்சிருந்தது. நல்லாத்தான் இருக்காங்க. ஆனா பிடிக்காம இருந்திருந்தா?

பூ கேட்கிறதில் ஒரு நாகரிகமும் இருக்கு, அதை மறுக்கலை. "உங்க பையன் வேண்டாம்"னு சொல்றதுக்குப் பதில் "பூ வரலைங்க"ன்னு சொன்னா ரெண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு இல்லை. ஜாதகப் பொருத்தம் இல்லைன்னு சொல்றதும் பாதி நேரம் அதுதான். மரியாதையா "வேண்டாம்" சொல்ற கருவி. ஆனா அதே கருவி, சாதி மாறிக் காதலிச்ச ஒரு பெண்ணின் முன்னால் வரும்போது வேற மாதிரி ஆயிடுது. "சாமியே வேண்டாம்னு சொல்லிடுச்சு" என்கிற வாக்கியத்தை அவள் எப்படி மறுத்துப் பேசுவாள்? காதலுக்காகப் பிள்ளைகளைக் கொல்ற செய்தி இன்னும் வந்துக்கிட்டிருக்கிற மாநிலம் நம்முடையது. இங்கே பலனை யார் வாசிக்கிறாங்க என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதனாலதான் எனக்கு ஔவையாரோட அந்தத் தோழி முக்கியம். அவள் குறி சொல்றவளைத் திட்டலை, முறத்தைத் தட்டிவிடலை, இது மூடநம்பிக்கைன்னு லெக்சரும் எடுக்கலை. நடந்துக்கிட்டிருந்த சடங்குக்குள்ளேயே ஒரு சின்ன வாய்ப்பைப் பிடிச்சு, வாயே திறக்க முடியாத பெண்ணுக்காகப் பேசினாள். வேலனுக்கும் கழங்குக்கும் தெரியாத ஒண்ணு அவளுக்குத் தெரிஞ்சிருந்தது, ஏன்னா அவள் ஏற்கெனவே அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாள்.

உங்க ஃப்ரெண்ட் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு டேரோ சீட்டோட ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "இதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டா, சீட்டுக்கு அர்த்தம் தேடாதீங்க. "உனக்கு எந்தச் சீட்டு வந்திருந்தா சந்தோஷமா இருந்திருக்கும்?"னு கேளுங்க. அந்த பதிலைக் காதில் வாங்கிக்கோங்க. தேவைப்பட்டா, அவங்க வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து, அதை அவங்களுக்காகச் சொல்லவும் தயாரா இருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.